பின்பால் மெஷினில் ராம்ப் உடைந்தால் எதைப் போடலாம்?

பழைய பின்பால் மெஷின் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பயப்படுவது உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுகளை நினைத்துத்தான். உண்மையில் அது அவ்வளவு பெரிய தலைவலி இல்லை. டிரான்சிஸ்டர், கனெக்டர், காயில், ரப்பர் வளையம், பல்பு எல்லாம் இன்றைக்கும் கடையில் கிடைக்கின்றன. ஒரு மெஷினுக்கு வாங்கியது பல நேரம் இன்னொன்றுக்கும் பொருந்தும். குண்டு ஏறி ஓடும் பிளாஸ்டிக் வாய்க்காலான ராம்ப் அப்படியில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதன் வடிவம் தனி. மெஷினைச் செய்த சிகாகோ வட்டாரக் கம்பெனிகளில் பலவும் இப்போது இல்லை. காட்லீப் பெயரில் மெஷின் செய்துகொண்டிருந்த பிரீமியர் 1996-ல் கடையைக் கட்டியது. வில்லியம்ஸ் 1999 அக்டோபரில் பின்பால் பிரிவையே மூடிவிட்டது.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கண்ணாடிக்கு அடியில் ஏறக்குறைய ஆறரை டிகிரி சாய்வில் ஒரு மரப்பலகை. அதன் மேல் 27 மி.மீ. விட்டமும் 80 கிராம் எடையும் உள்ள எஃகுக் குண்டு ஓடும். கீழ் முனையில் உள்ள ஃபிளிப்பர்கள் அதை மேலே விரட்டும். பலகையிலிருந்து எழும்பி, வளைந்து, குண்டை வேறொரு பக்கம் கொண்டுபோய் இறக்குகிற பிளாஸ்டிக் வாய்க்கால்தான் ராம்ப். 70-களின் மெஷின்களில் இது அரிது. ஸ்பேஸ் ஷட்டில் (1984), ஹை ஸ்பீடு (1986) வந்த காலத்துக்குப் பிறகு ராம்ப் இல்லாத மெஷின்தான் அரிது. ஆகவே இப்போது விரிசல் விட்டு நிற்பவை பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதான பிளாஸ்டிக்.

ஒட்டிப் பார்க்கலாம், ரெடிமேடாக வாங்கலாம், நாமே ஷீட்டைச் சூடாக்கி அச்சின் மேல் இழுக்கலாம், 3டி பிரிண்ட் எடுக்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த பிளாஸ்டிக் வலுவானது என்று தேடிக்கொண்டிருப்பதை விட, குண்டு நேராக மோதும் இரண்டு மூன்று இடங்களில் எஃகை வைத்துவிட்டு, மீதிக்கு நம்மால் ஒழுங்காக இழுக்க முடிந்த பிளாஸ்டிக்கைப் போடுவதுதான் நின்று உழைக்கும்.

உடைந்த இடத்தை முதலில் பாருங்கள்

ராம்ப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். வாய்ப்பகுதியில் ஒரு மெல்லிய ஸ்பிரிங் ஸ்டீல் தகடு இருக்கும். ஃபிளாப் என்பார்கள். பலகைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே உள்ள படியைக் குண்டு உணராமல் ஏறுவதற்காக வைத்தது. இரண்டு மூன்று ரிவெட்டில் நிற்கும். அந்த ரிவெட் ஓட்டைகளைச் சுற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள்: ஓட்டையிலிருந்து விளிம்பு நோக்கி மயிரிழை விரிசல்கள் கிளம்பியிருக்கும். குண்டு ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் தகடு கொஞ்சம் அசைகிறது. அந்த அசைவு முழுவதும் ரிவெட் வழியாக பிளாஸ்டிக்கில் இறங்குகிறது. ரிவெட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அந்த இடம் அழுத்தத்தில் இருக்கும். இரண்டு விரிசல்கள் விளிம்பைத் தொட்டதும் ரிவெட்டோடு சேர்ந்து ஒரு முக்கோணத் துண்டு கழன்று வரும். அதற்கப்புறம் தகடு தூக்கிக்கொள்ளும். குண்டு பிளாஸ்டிக் விளிம்பிலேயே நேராக மோதும். பிறகு நாலைந்து ஆட்டத்திலேயே வாய் சிதறிவிடும்.

அடுத்த பலவீனம் முதல் வளைவின் வெளிச்சுவர். மூன்றாவது, பலகையோடு இணைக்கும் திருகுக் காதுகள். இவை தவிர, ராம்ப்புக்கு அடியில் ஃபிளாஷர் பல்பு இருந்தால் அந்த இடம் மட்டும் மஞ்சளடித்துச் சற்றே தொங்கியிருக்கும். அது அடியால் வந்த சேதம் இல்லை, சூட்டால் வந்தது. எல்இடி மாற்றிவிட்டால் புது ராம்ப்புக்கு அந்தத் தொல்லை வராது.

சேதம் வாயில் மட்டும் என்றால் ஒட்டுவது நல்ல யோசனை. சுவரை விரலால் மெல்ல அழுத்தும்போது வளையாமல் ‘கிரிக்’ என்று சத்தம் வந்தால், பிளாஸ்டிக் முழுவதும் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதில் எங்கே ஒட்டினாலும் பக்கத்தில் உடையும்.

ஒட்டுவது

விரிசலின் நுனியைக் கண்டுபிடித்து அங்கே 2 மி.மீ. துளை ஒன்று போடுவது முதல் வேலை. விரிசல் அதற்கு மேல் ஓடாது. அப்புறம் விரிசலின் அடிப்பக்கத்தில் 1 மி.மீ. பாலிகார்பனேட் (எளிதில் உடையாத தெளிவான பிளாஸ்டிக்) துண்டு ஒன்றை ஒட்டு போட வேண்டும். சூப்பர் குளூ வேண்டாம். காய்ந்தபின் கண்ணாடி மாதிரி விறைத்து, அடுத்த அடியில் விட்டுவிடும். பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைக்கும் சால்வென்ட்தான் சரி. பல காலமாக இதற்கு எல்லோரும் நம்பியிருந்தது மெத்திலீன் குளோரைடு. 2024-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பொதுமக்கள் பயன்பாட்டுக்கு அதைத் தடை செய்தது. காரணம் நியாயமானது, மூடிய அறையில் அந்த ஆவியால் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். இப்போது மாற்று சால்வென்ட்கள் வருகின்றன. அவையும் வேலை செய்யும், இறுகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அவற்றையும் ஜன்னலைத் திறந்து வைத்தே பயன்படுத்துங்கள்.

கடைசியாக, வாய்க்குள் மெல்லிய எவர்சில்வர் தகட்டை வளைத்துப் பொருத்தினால் உடைந்த இடமும் மறையும், குண்டும் இனி எஃகில்தான் ஏறும். சில ஆட்டங்களுக்கு இது வெட்டி வளைத்த நிலையிலேயே விற்பனைக்கு வருகிறது. இப்படிச் செய்த பழைய ராம்ப் வீட்டு உபயோகத்துக்குப் பல வருடம் தாங்கும். பார்க்க அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

ரெடிமேடு

தி ஆடம்ஸ் ஃபேமிலி (1992) 20,270 மெஷின்கள் விற்ற ஆட்டம். அந்த அளவு எண்ணிக்கை இருந்தால் யாராவது அச்சு செய்து விற்பார்கள், விற்கிறார்கள். வில்லியம்ஸ், பாலி ஆட்டங்களின் உதிரிபாக உரிமம் பிளானட்டரி பின்பால் நிறுவனத்திடம் இருக்கிறது. மார்கோ ஸ்பெஷால்டீஸ் போன்ற கடைகளில் ஆட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் இருக்கிறதா இல்லையா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். விலை நூறு டாலரைத் தாண்டும். சிக்கலான ராம்ப் என்றால் அதற்கு மேல் இன்னும் ஏறும். கிடைத்தால் வாங்கிவிடுங்கள். அச்சு செய்யும் செலவையும் நேரத்தையும் கணக்குப் போட்டால், ஒரே ஒரு ராம்ப்புக்காக நாமே இறங்குவது எந்தக் கணக்கிலும் லாபம் இல்லை.

வாங்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். ஃபிளாப் தகடு ரிவெட் செய்து வருகிறதா, வெறும் பிளாஸ்டிக்கா? துளைகள் போட்டு வருகிறதா? வெறும் பிளாஸ்டிக் மலிவாக இருக்கும். ஆனால் ரிவெட் அடிப்பதில்தான் பலரும் புது ராம்ப்பை முதல் நாளே விரிய வைக்கிறார்கள்.

ஆயிரம், இரண்டாயிரம் மெஷினோடு நின்றுபோன ஆட்டம் உங்களிடம் இருந்தால் ரெடிமேடு கிடைப்பது அதிர்ஷ்டம். அங்கேதான் உண்மையான தேர்வு தொடங்குகிறது.

நாமே இழுப்பது: பெட்-ஜியா, பாலிகார்பனேட்டா?

பழைய ராம்ப்புகளில் பெரும்பாலானவை வேக்யூம் ஃபார்மிங் முறையில் செய்தவை. பிளாஸ்டிக் ஷீட்டைச் சட்டத்தில் மாட்டிச் சூடாக்கி, தொங்க ஆரம்பித்ததும் அச்சின் மேல் இறக்கி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் ஷீட் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். முறை எளிது. எந்த ஷீட் என்பதில்தான் வாதம்.

எண்களை மட்டும் பார்த்தால் வாதமே இல்லை. வெட்டு போட்ட துண்டைச் சுத்தியலால் அடித்து உடைக்கும் ஐசாட் சோதனையில் அக்ரிலிக் மீட்டருக்கு 20 ஜூல் அளவில் உடையும். பெட்-ஜி (தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கின் ஒரு வகை) சுமார் 100. பாலிகார்பனேட் 600-க்கு மேல். அக்ரிலிக் இந்த வேலைக்கு ஆகாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆனால் பாலிகார்பனேட்டின் அந்த ஆறு மடங்கு நம் கைக்கு வந்து சேருமா என்பதுதான் கேள்வி.

பாலிகார்பனேட் காற்றிலிருந்து ஈரம் இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தோடு ஷீட்டை 180, 190 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோனால் உள்ளே நீராவி கிளம்பி, ஷீட் முழுக்கச் சின்னச் சின்னக் குமிழிகள் பூக்கும். தெளிவு போகும், வலுவும் போகும். அதைத் தவிர்க்க, பாதுகாப்புப் படலத்தை உரித்துவிட்டு, 3 மி.மீ. ஷீட்டை 120 டிகிரியில் பல மணி நேரம் உலர்த்த வேண்டும். உலர்ந்ததும் தாமதிக்காமல் இழுக்க வேண்டும். அச்சும் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த அச்சைத் தொட்டதும் பாலிகார்பனேட் சட்டென்று இறுகி, உள்ளே அழுத்தத்தைப் பூட்டிக்கொள்ளும். வெளியே பளபளவென்று இருக்கும் அந்த ராம்ப், ஒரு துளை போட்டுத் திருகை முடுக்கியதும் ஓட்டையிலிருந்து விரியும். வீட்டு ஓவனும் வேக்யூம் கிளீனரும் வைத்துக்கொண்டு இதைச் சரியாகச் செய்வது மிகக் கடினம்.

பெட்-ஜி சாது. உலர்த்த வேண்டியதில்லை. 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கி, 130 முதல் 150 டிகிரிக்குள் அருமையாக இழுபடும். அச்சின் மூலைகளை அப்படியே பிடிக்கும். விளிம்பை வெட்டுவதும் துளை போடுவதும் சுலபம். அதன் பலவீனம் அதே 80 டிகிரிதான்: சூடான பல்புக்கு மேல் தொங்கிப்போகும். எல்இடி போட்ட மெஷினில் இது பேச்சே இல்லை. இரண்டுமே கீறல் விழும் பிளாஸ்டிக்தான். அதில் ஒன்றுக்கு ஒன்று உசத்தியில்லை.

நான் பெட்-ஜி பக்கம். அதிலும் 2.4 மி.மீ. ஷீட்டுக்குப் பதில் 3 மி.மீ. எடுப்பேன். காரணம், ஷீட்டின் தடிமன் ராம்ப்பின் தடிமன் ஆகாது. பரோட்டா மாவை விசிறும்போது நடு மெலிவது போல, ஷீட்டும் இழுபடும் இடத்தில் மெலியும். அச்சின் மொத்தப் பரப்பு அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் போல இரண்டு மடங்கு என்றால் சராசரித் தடிமன் பாதியாகிவிடும்: 3 மி.மீ. ஷீட்டுக்கு 1.5. மூலைகளில் அதற்கும் கீழே.

எங்கே மெலிய விடுவது என்பதை முடிவு செய்வது அச்சுதான். ராம்ப்பைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி மேடான அச்சு செய்தால், சூடான ஷீட் முதலில் தொடுவது அச்சின் உச்சியை, அதாவது ராம்ப்பின் தரையை. தொட்ட இடம் ஆறி இறுகுவதால் அங்கே தடிமன் அப்படியே நிற்கும்; சுவர்கள்தான் மெலியும். பள்ளமான அச்சில் இது நேர் எதிர். தரை கடைசியாகப் போய்ச் சேரும், அதுதான் ஆக மெலிதாகும். குண்டு உருள்வதும் விழுவதும் தரையில் என்பதால் எனக்கு மேடான அச்சுதான். அதில் ஒரு சங்கடம் உண்டு. அச்சின் ஒவ்வொரு கீறலும் குண்டு ஓடும் பக்கத்தில் பதியும். 600 நம்பர் எமரித் தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து மழமழவென்று ஆக்காமல் இழுக்கக்கூடாது.

மேடான அச்சு செய்யப் பழைய ராம்ப்பே போதும். உடைந்த துண்டுகளை வெளிப்புறமிருந்து டேப் போட்டு இணைத்து, திறந்த முனைகளைக் களிமண்ணால் அடைத்து, வாய்க்காலுக்குள் பிளாஸ்டர் ஊற்றினால் உட்புற வடிவம் அப்படியே வந்துவிடும். அதற்கு அடியில் ஒன்றரை செ.மீ. உயரத்துக்கு எம்டிஎஃப் பலகை கொடுங்கள், வெட்டி எறிய இடம் வேண்டும். சுவர்களுக்கு மூன்று டிகிரியாவது சரிவு இல்லையென்றால் ஆறிய ராம்ப் அச்சை விட்டு வராது. உள்மூலைகளில் 1 மி.மீ. துளைகள் போட்டால்தான் காற்று அங்கே சிக்காது. பிளாஸ்டர் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. ஆறும்போது பெட்-ஜி ஏறக்குறைய அரை சதவீதம் சுருங்கும். அரை மீட்டர் நீளமுள்ள ராம்ப்பில் அது 2.5 மி.மீ. பழைய ராம்ப் ஏற்கெனவே சுருங்கிய உருப்படி. அதிலிருந்து எடுத்த அச்சில் இழுப்பது இன்னொரு முறை சுருங்கும். பாலிகார்பனேட் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கும். எனவே பழைய ராம்ப்பின் துளைகளை அப்படியே குறித்துக்கொண்டு துளை போட்டால் திருகு இறங்காது. புது ராம்ப்பை மெஷினில் வைத்துப் பார்த்து, போஸ்ட் (ராம்ப்பைத் தாங்கும் தூண்) இருக்கும் இடத்தை நேரில் குறித்துத்தான் துளை போட வேண்டும்.

ராம்ப் வீட்டு ஓவனுக்குள் அடங்காத நீளம் என்றாலோ, வணிக மெஷினில் ஓயாமல் ஆடப்போகிறது என்றாலோ, அச்சை எடுத்துக்கொண்டு விளம்பரப் பலகையோ பேக்கிங் தட்டோ செய்யும் பிளாஸ்டிக் பட்டறைக்குப் போய்விடலாம். அவர்களிடம் உலர்த்தும் ஓவன், இரு பக்க ஹீட்டர், பெரிய வேக்யூம் டேங்க் எல்லாம் இருக்கும். அப்படி ஒரு இடம் வாய்த்தால் பாலிகார்பனேட்டே கேளுங்கள். அப்போது அந்த ஆறு மடங்கு நிஜமாகவே கிடைக்கும்.

3டி பிரிண்ட்

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது இதுதான். வடிவத்தை ஸ்கேன் செய், பிரிண்ட் கொடு, மாட்டு. மாட்டலாம், ஆனால் அது ராம்ப் மாதிரி இருக்காது. பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் சாதாரண ஃபிலமென்ட் பிரிண்ட்டில் கண்ணாடித் தெளிவு வராது; ராம்ப் வழியாகக் கீழே இருக்கும் படமும் விளக்கும் தெரிய வேண்டும் என்று வடிவமைத்த மெஷினில் இது பெரிய குறை. அடுக்கு அடுக்காக ஏறிய சுவர், அடுக்குகளுக்கு நடுவே பிளக்கும். குண்டு மோதுவதும் அந்தத் திசையில்தான். அடுக்கு வரிகளின் மேல் உருளும்போது குண்டு கடகடவென்று சத்தம் போட்டு வேகத்தையும் இழக்கும். இந்தப் பிரிண்ட்டுக்கு அதிகம் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகிவிடுவதால் அதை மறந்துவிடுங்கள். ரெசின் பிரிண்ட் தெளிவாக வரும், அடி வாங்கினால் உடையும். கொஞ்ச நாளில் மஞ்சளும் அடிக்கும்.

இதில் உருப்படியானது நைலான் பொடியில் எடுக்கும் பிரிண்ட். பிஏ12 நைலான் நல்ல கெட்டி. மோதினால் வளைந்து கொடுக்கும். எச்பி நிறுவனத்தின் மல்டி ஜெட் மெஷின்களில் 380 மி.மீ. நீளம் வரை ஒரே துண்டாக எடுக்கலாம். அதற்கு மேல் என்றால் இரண்டாகப் பிரித்து இணைக்க வேண்டும். நிறம் சாம்பல், அல்லது கறுப்புச் சாயம். மூல ராம்ப் ஒளி புகாத வண்ணப் பிளாஸ்டிக்காக இருந்த ஆட்டங்களுக்கு இதைத் தாராளமாக யோசிக்கலாம்.

எனக்கு 3டி பிரிண்ட் பிடித்திருப்பது வேறு காரணத்துக்கு: பழைய ராம்ப் துண்டு துண்டாகிவிட்டது, அல்லது மெஷினோடு வரவே இல்லை என்றால் வடிவத்தைக் கணினியில் வரைந்து, பிரிண்ட் எடுத்து, மெஷினில் வைத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். சரியாகப் பொருந்திய பிரிண்ட்டிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுத்து, பெட்-ஜி இழுத்துவிடலாம்.

சிலிகான் அச்சில் யூரித்தேன் ரெசின் ஊற்றுவதும் சிலர் செய்கிறார்கள். இவ்வளவு மெல்லிய சுவரில் காற்றுக்குமிழி இல்லாமல் ஊற்றுவது பெரும்பாடு. விட்டுவிடுங்கள்.

நேரான, ஒரு மடிப்பு இரண்டு மடிப்பு மட்டும் உள்ள ராம்ப் என்றால் அச்சே வேண்டாம். பாலிகார்பனேட் ஷீட்டைத் தகரம் மடிப்பது போலச் சூடில்லாமலே மடிக்கலாம். அக்ரிலிக்கில் இது நடக்காது. 2 மி.மீ. ஷீட், மடிக்கும் மெஷின், நாலு ரிவெட். உலர்த்துவது, குமிழி, சுருக்கம் எந்த வம்பும் இல்லாமல் ஆக வலுவான ராம்ப் இப்படித்தான் கிடைக்கும். மூன்று பக்கமும் வளைகிற ராம்ப்புக்கு இது உதவாது என்பதுதான் ஒரே குறை.

மாட்டும்போது

எந்த வழியில் வந்த ராம்ப்பானாலும் அதன் ஆயுள் மாட்டுவதில் பாதி இருக்கிறது. துளைகளைத் திருகின் விட்டத்தை விட அரை மி.மீ. பெரிதாகப் போடுங்கள், பிளாஸ்டிக் அசையக் கொஞ்சம் இடம் வேண்டும். துளையின் ஓரத்தைக் கையாலேயே மழித்துவிடுங்கள், பிசிறு இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ரிவெட்டுக்கு அடியில் சின்ன வாஷர் வைத்து, தகடு ஆடாத அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். ரிவெட் அடிக்கக் கை வராதவர்கள் தட்டைத்தலைத் திருகும் நைலான் பூட்டு நட்டும் போடலாம்; குண்டு ஓடும் பக்கம் தலை துருத்தாமல் இருந்தால் சரி.

திருகு கழலாமல் இருக்க ஊற்றும் திரவப் பசையைப் பாலிகார்பனேட் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அது பட்ட இடம் ஓரிரு நாளில் சிலந்திவலை விரிசல் விடும். கண்ணாடி துடைக்கும் அம்மோனியா கலந்த திரவமும் அப்படித்தான். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

ஃபிளாப் தகட்டின் நுனி பலகையோடு ஒட்டிப் படிந்திருக்கிறதா என்று ஒரு காகிதத்தைச் செருகிப் பாருங்கள். காகிதம் உள்ளே போனால் தகட்டைக் கழற்றி இன்னும் கொஞ்சம் வளைக்க வேண்டும். முதல் வளைவின் வெளிச்சுவரில், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, 0.5 மி.மீ. பாலிகார்பனேட் பட்டை ஒன்றை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிவிடலாம். அடி அதன் மேல் விழும். தேய்ந்தால் உரித்துவிட்டு வேறொன்று ஒட்டிக்கொள்ளலாம்.

அச்சு தயாராகி ஓவனும் சூடாக இருக்கும்போது இரண்டு ராம்ப்பாக இழுத்துவிடுங்கள். இரண்டாவதற்குத் துளை போடாமல், விளிம்பு வெட்டாமல் அப்படியே எடுத்து வையுங்கள். அதே ஆட்டம் வைத்திருக்கும் வேறொருவரின் மெஷினில் போஸ்ட் ஒரு மி.மீ. தள்ளி இருந்தாலும் அது பொருந்தும்.